கண்ணைப் பார்த்துப் பேசுங்க சார்!

இந்த வாரம் நாம ஏறப்போறது மலை. நிஜ மலை. செஞ்சிக்கோட்டை ராஜகிரி.

பாதி தூரம் ஏறுவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. கூட வந்த தம்பி மட்டும் வீட்டு மாடிப்படி ஏறுவதுபோல முன்னால் போய்க்கொண்டே இருந்தான். "வாங்கண்ணா, இன்னும் கொஞ்சம்தான்"னு அவன் சொன்னது மொத்தம் ஆறு முறை. ஆறும் பொய். நடுவில் ஒரு குரங்கு வேறு வந்து என் கையிலிருந்த முறுக்கு பாக்கெட்டை உரிமையோடு வாங்கிக்கொண்டு போனது.

தம்பி யார்னு சொல்லிடறேன். செஞ்சி பக்கத்து கிராமம். டிகிரி மூணாவது வருஷம். காலையில் ஊரிலிருந்து செஞ்சிக்கு ஒரு பஸ், செஞ்சியிலிருந்து காலேஜுக்கு இன்னொரு பஸ். போன மாதம் எனக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தான். நாலே வரி. 'அண்ணா, கவுன்சலிங் போனேன். வேலைக்கு ஆகல. இப்ப நைட்ல செல்லுல ஏ.ஐ. கிட்டதான் பேசறேன். அது நல்லா கேக்குது. இது தப்பா?'

மெயிலில் பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு முறை எழுதி நாலு முறை அழித்தேன். அப்புறம்தான் உறைத்தது: நேரில் பேச ஆள் இல்லைன்னு சொல்றவனுக்கு டைப் அடிச்சா பதில் சொல்றது? பஸ் ஏறிட்டேன்.

மேலே போகும் வழியில், ஆழமான ஒரு பாறைப் பிளவைத் தாண்ட ஒரு சின்னப் பாலம் இருக்கும். போனவங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிடுவார்களாம். அதுக்குக் கொஞ்சம் முன்னால் நிழலில் உட்கார்ந்தோம். கீழே கல்யாண மகால் கோபுரம், அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, வேர்க்கடலைக் கொல்லைகள், திருவண்ணாமலை ரோட்டில் எறும்பு மாதிரி பஸ்கள்.

"சொல்லு"ன்னேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம். ஒரு வருஷம் ஆச்சு. கொல்லை வேலை இவன் தலையில். மூணு அரியர். ராத்திரி தூக்கம் வர்றதில்லை. நண்பர்களிடம் சொன்னால் "மச்சி, ஃப்ரீயா விடு, ரொம்ப யோசிக்காத". அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவாங்க. கடைசியில் யாரோ சொல்லி ஒரு கவுன்சலரிடம் போயிருக்கிறான். எந்த இடம், யார் என்பது நமக்கு வேண்டாம்.

"ரெண்டு தடவ போனேண்ணா. பேர் கேட்டாரு, வயசு கேட்டாரு, எழுதினாரு. தூக்கம் வருதான்னு கேட்டாரு, எழுதினாரு. அப்பாவப் பத்தி சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைச்சிகிச்சி. அவரு எழுதிகிட்டே, 'ம்... மேல சொல்லுங்க'ன்னாரு. அப்ப ஒரு போன் வேற வந்துச்சு. எடுத்துப் பேசினாரு. ரெண்டாவது தடவ போனப்ப மறுபடி பேர் கேட்டாரு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒரே ஒரு தடவயாவது கண்ணப் பாத்துப் பேசியிருக்கலாம் இல்ல?" என்றான்.

அந்தக் கவுன்சலரை நான் திட்டப் போவதில்லை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. வாசலில் நாற்பது பேர் நிற்கும்போது யாராக இருந்தாலும் பேனாதான் முதலில் ஓடும். ஆனால் தம்பி கேட்டது ஆடம்பரமா? மருந்து நல்லா இருந்தா போதாதா, டாக்டர் சிரிச்சாதான் ஜுரம் குறையுமான்னு கேட்கிறவங்க இருக்காங்க. ஜுரத்துக்கு அது சரியாக இருக்கலாம். மனசு விஷயத்தில் கதையே வேற.

1957-ல் கார்ல் ரோஜர்ஸ் என்கிற அமெரிக்க உளவியல் நிபுணர் ஒரு கட்டுரை எழுதினார். ஆலோசனைக்கு வருகிறவர் மாறுவதற்கு என்னென்ன வேண்டும் என்று அதில் பட்டியல் போட்டார். பெரிய டெக்னிக் எதுவும் அதில் இல்லை. எதிரில் இருப்பவர் நடிக்காமல் இருக்கணும். வந்தவர் நிற்கிற இடத்தில் தானும் நின்று பார்க்கணும். நிபந்தனை போடாமல் மதிக்கணும். இதெல்லாம் இருக்கிறது என்பது வந்தவருக்கும் தெரியணும். 'இதுக்கா படிச்சீங்க?'ன்னு அன்றைக்கே சண்டை வந்தது. சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் 2018-ல் 295 ஆய்வுகளை, அதாவது 30,000-க்கும் அதிகமான நோயாளிகள் பற்றிய கணக்கை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எந்த வகை சிகிச்சையாக இருந்தாலும், ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையில் உறவு நன்றாக அமைந்த இடத்தில் பலனும் நன்றாக இருந்தது. உறவு ஒன்றே எல்லாவற்றையும் சரிசெய்து விடும் என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. ஆனால் அதை ஒதுக்கவும் முடியாது.

இதை தம்பியிடம் சொன்னேன். "அமெரிக்கா கதை நமக்கு எதுக்குண்ணா"ன்னான். நியாயம்தான். நம்ம ஊர்க் கதைக்கு வருவோம்.

சென்னையில் சினேகா என்று ஒரு அமைப்பு இருக்கிறது. 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆரம்பித்தது. தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் போன் செய்யலாம், நேரில் போகலாம். எதிர்முனையில் காது கொடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். உங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி, ரிட்டயர்டு பேங்க் அங்கிள் மாதிரி சாதாரண மனுஷங்க. அட்வைஸ் கிடையாது. கேட்பார்கள். அவ்வளவுதான்.

இந்த யோசனையின் வேர் லண்டனில். அங்கே 1953-ல் சாட் வாரா என்கிற பாதிரியார், 'சாகணும்னு தோணினால் எனக்கு போன் பண்ணுங்கள்' என்று ஆரம்பித்தார். கூட்டம் வர ஆரம்பித்தது. அவரைப் பார்க்க வரிசையில் காத்திருப்பவர்களுக்கு டீ கொடுத்து பேச்சுத் துணைக்கு இருக்க சில தன்னார்வலர்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் வாரா ஒன்றைக் கவனித்தார். டீ குடித்துப் பேசி முடித்த பலர், "பாதிரியாரைப் பார்க்க வேண்டாம், பரவாயில்லை" என்று எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்! அவர் ஈகோ பார்க்கவில்லை. மறுவருஷமே கேட்கிற வேலையை டீ கொடுத்தவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டார். 'சமாரிட்டன்ஸ்' என்கிற பெரிய அமைப்பு அப்படி வளர்ந்ததுதான்.

டீக்கடை பெஞ்சில் வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் இதை யாராவது கணக்குப் போட்டு நிரூபித்தார்களா? போட்டார்கள். அதில் நம்ம சென்னையும் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் ஒரு ஆய்வு நடத்தியது. பிரேசிலில் காம்பினாஸ், இந்தியாவில் சென்னை, இலங்கையில் கொழும்பு, ஈரானில் கராஜ், சீனாவில் யுன்செங். தற்கொலைக்கு முயன்று, காப்பாற்றப்பட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பாதிக்கு அதோடு கூட, வீட்டுக்குப் போகும் முன் தனியாக உட்காரவைத்து ஒரு மணி நேரப் பேச்சு. அதற்கப்புறம் 18 மாதங்களில் 9 முறை ஒருத்தர் போன் செய்வார், அல்லது நேரில் வருவார். முதல் வாரம், ரெண்டாவது வாரம், நாலாவது வாரம் என்று ஆரம்பத்தில் நெருக்கமாக. பிறகு மாதக் கணக்கில். எப்படி இருக்கீங்க, என்ன உதவி வேணும்... பேச்சு இதுதான்.

18 மாதம் கழித்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையில் இறந்திருந்தார்கள். ஒருத்தர் விடாமல் விசாரித்துக்கொண்டே இருந்த பக்கத்தில் 0.2 சதவீதம். 2008-ல் வெளியான முடிவு இது.

தம்பி இதைக் கேட்டுவிட்டு விரல் விட்டு எண்ணினான். "ஒம்போது போனு. அவ்ளோதானா?"

அவ்ளோதான். ஒன்பது முறை ஒருத்தருக்கு இவன் ஞாபகம் வந்திருக்கிறது. மறுபடியும் பேர் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நான் அவனிடம் ஒன்று கேட்டேன். கேட்க தயக்கமாகத்தான் இருந்தது. "தம்பி, நாம இல்லாட்டி என்னன்னு எப்பவாவது தோணியிருக்கா?" இப்படிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைச்சிடுவோமோ என்று பலருக்கும் பயம். அப்படி ஆகாது என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்ப சொல்கிறார்கள். நேராகக் கேட்பது பல சமயம் ஆறுதலாகத்தான் இருக்கும்.

அவன் கீழே ரோட்டையே பார்த்துக்கொண்டு, "சில நைட்டு" என்றான்.

செஞ்சிப் பக்கத்து ஆட்களுக்கு இது வெறும் பேச்சு இல்லை. 2018 ஜூனில், நீட் ரிசல்ட் வந்த சமயத்தில், இதே செஞ்சி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மாணவியின் மரணச் செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. தம்பி அப்போது ஸ்கூலில் சின்னப் பையன். "எங்க வீட்ல அன்னிக்கி யாரும் டி.வி. ஆஃப் பண்ணல"ன்னான். பிறகு 2021-ல் இன்னும் சில மரணங்கள் நடந்தபோது, நீட் எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு போன் போட்டுப் பேச அரசே ஏற்பாடு செய்தது. போனில் வந்த குரல் பரீட்சையை மாற்றாதுதான். ஆனால் ஒருத்தர் கூப்பிட்டார் என்பது இருக்கிறதே!

சரி, மெயிலின் கடைசி வரிக்கு வருவோம். ஏ.ஐ. நல்லாதானே கேக்குது?

இந்தக் கேள்விக்கு வயசு இப்போ அறுபது ஓடுது பாஸ்! 1966-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 'எலிசா' என்று ஒரு புரோகிராம் எழுதினார். நீங்கள் டைப் செய்வதையே கொஞ்சம் திருப்பிப் போட்டு கேள்வியாகக் கேட்கும். 'எனக்கு அப்பா மேல கோபம்'னு அடித்தால் 'உங்க குடும்பத்தைப் பத்தி இன்னும் சொல்லுங்க' என்கிற மாதிரி. நம்ம ரோஜர்ஸ் பாணி ஆலோசகரை மிமிக்ரி செய்ததுதான் அது. உள்ளே சரக்கு கிடையாது. அது வைசன்பாமுக்கும் தெரியும், அவருடைய செக்ரட்டரிக்கும் தெரியும். அவர் மாதக்கணக்கில் அதை உருவாக்குவதைக் கூட இருந்து பார்த்தவர் அந்த அம்மா. ஆனால் ஒருநாள் எலிசாவிடம் நாலு வரி டைப் செய்துவிட்டு, "சார், கொஞ்சம் வெளியே இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார்! மெஷினோடு தனியாகப் பேசணுமாம். வைசன்பாம் ஆடிப்போய்விட்டார். 1976-ல் புத்தகமே எழுதி, மனுஷன் செய்யவேண்டிய சில வேலைகளை கம்ப்யூட்டரிடம் கொடுக்கக் கூடாது என்று மிச்ச வாழ்நாளெல்லாம் வாதாடினார்.

எனக்கு அந்த செக்ரட்டரி மேல்தான் பரிதாபம். ஆபீஸில் மனம்விட்டுப் பேச வேறு யாருமே இல்லையா அந்த அம்மாவுக்கு?

இப்போதைய ஏ.ஐ. எலிசா மாதிரி மொக்கை இல்லை. நாணயமாகச் சொல்லணும்னா, 2025-ல் வெளியான ஓர் ஆய்வில், டார்ட்மவுத் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே செய்த ஒரு சாட்பாட்டை 210 பேரை வைத்துச் சோதித்தார்கள். அதைப் பயன்படுத்திய, மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அறிகுறிகள் சராசரியாகப் பாதி குறைந்ததாக வந்தது. அதனிடம் ஓரளவு நெருக்கத்தை உணர்ந்ததாகவும் சொன்னார்கள். ஆனால் கவனிங்க... ஆபத்தான எண்ணத்தோடு யாராவது டைப் செய்தால் உடனே தலையிட, பின்னால் ஆய்வுக்குழு ஆட்கள் அந்த உரையாடல்களைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். தம்பியின் செல்போனுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு அவன் 'சில நைட்டு' விஷயத்தை டைப் செய்தால், மறுநாள் காலையில் 'ஏன் இன்னிக்கி காணோம்?' என்று அது கவலைப்படப் போவதில்லை.

"அது திட்டாதுண்ணா. அதான் புடிச்சிருக்கு"ன்னான்.

புரியுது. அது களைச்சுப் போகாது, போன் வந்தால் எடுத்துப் பேசாது, பேர் மறக்காது. பேசிப் பழக அது உதவுதுன்னா உதவட்டும். சொல்ல வேண்டியதை முதலில் அங்கே டைப் அடித்துப் பார்த்துவிட்டு, அதையே ஒரு மனுஷனிடம் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அங்கேயே நின்றுவிடுவதுதான் எனக்கு பயம்.

செஞ்சியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் மேல்மலையனூர். அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவத்துக்கு நடுவே அங்காளம்மன் கோயிலில் போய் நின்று பாருங்கள். 'காத்து கருப்பு' என்று அழைத்து வரப்படுகிறவர்கள் எத்தனை பேர்! நம் காலேஜ் பசங்க இதை ஒரே வார்த்தையில் 'மூடநம்பிக்கை' என்று முடித்துவிடுவோம். நானும் அப்படித்தான் முடித்தேன், ஒரு ஆய்வைப் படிக்கும்வரை. திண்டுக்கல் மாவட்டத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் என்று ஓர் ஊர். அங்கே முத்துசாமி கோயிலில் மனநலப் பாதிப்பு உள்ளவர்களை உறவினர்கள் கூட்டி வந்து தங்குவார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2000-ல் அங்கே வந்த 31 பேரை கவனித்தார்கள். 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். பேயோட்டல் இல்லை. கோயில் வேலை, காலை பூஜை, கூட ஓர் உறவினர். அறிகுறிகளின் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. பயமுறுத்தாத, அரவணைக்கும் சூழல்தான் வேலை செய்திருக்கும் என்று மருத்துவர்கள் எழுதினார்கள்.

உடனே எல்லாரும் கோயிலுக்குப் போங்கன்னு நான் சொல்றதா நினைக்காதீங்க. அடுத்த வருஷமே, 2001 ஆகஸ்ட் 6-ல், ஏர்வாடியில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். அங்கேயும் நம்பிக்கையோடு கூட்டி வரப்பட்டவர்கள்தான். சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் தப்ப முடியவில்லை. கூட ஆள் இருக்கிறது என்பதும், கட்டிப்போட்டு வைத்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-ல் டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் காலத்தில் ஆரம்பித்தது. நோயாளியோடு குடும்பத்து ஆள் ஒருத்தரும் தங்குவது அங்கே நீண்ட நாள் வழக்கம். மருந்தும் உண்டு, மனுஷனும் உண்டு. காதில் குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்கிற அளவுக்குப் போனால் நல்ல பேச்சுத்துணை மட்டும் போதாது. மருந்து வேண்டும். அதில் விளையாடக் கூடாது.

மேலே ஏறி முடித்தோம். உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. தம்பி ராஜா தேசிங்கு கதையை ஆரம்பித்தான். செஞ்சிக்காரனிடம் பத்து நிமிஷத்துக்கு மேல் பேசினால் அந்தக் கதை வராமல் இருக்காது. 1714-ல் ஆற்காடு நவாப் படை வந்தபோது தேசிங்குக்கு நம்ம வயசுதான். அவனுடைய நண்பன் மகபத்கான் கல்யாண மேடையிலிருந்து எழுந்து ஓடிவந்து கூடவே சண்டை போட்டுச் செத்தான் என்று கதைப்பாடல் சொல்லும். "அது மாதிரி ஃப்ரெண்டு இருந்தா கவுன்சலர் எதுக்குண்ணா?"

நல்ல கேள்வி. ஆனால் கவுன்சலர் ஃப்ரெண்டு இல்லை. கல்யாணத்தை விட்டுட்டு வர மாட்டார். வரவும் கூடாது. உங்களிடம் கடன் கேட்க மாட்டார், தன் கஷ்டத்தைச் சொல்லி அழ மாட்டார், நீங்கள் சொன்னதை கேன்டீனில் போய் சொல்ல மாட்டார். 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் ரகசியத்தைக் காப்பது உங்கள் உரிமை. உயிருக்கு ஆபத்து மாதிரியான சில சூழ்நிலைகள் மட்டும் விதிவிலக்கு. அவர் அந்த ஒரு மணி நேரத்துக்கு முழுக்க உங்க ஆளு. நண்பனால்கூட அப்படி இருக்க முடியாது, ஏன்னா அவனுக்கும் அரியர் இருக்கு. நம்ம ஊரில் இது கொஞ்சம் குழம்பும். ஆலோசகரை நாம் 'அக்கா', 'சார்' என்று கூப்பிட்டு, என்ன செய்யணும்னு அவரே சொல்லணும் என்று எதிர்பார்ப்போம். ஜஸ்வந்த் சிங் நேக்கி என்கிற பஞ்சாபி மனநல மருத்துவர் 1973-லேயே இதைப் பற்றி எழுதினார். வெள்ளைக்காரர்களின் தள்ளி நிற்கிற பாணியைவிட, குரு-சிஷ்யன் மாதிரியான உறவு இந்தியர்களுக்கு ஒத்துவருமே என்பது அவர் யோசனை. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். குரு சொன்னால் எதிர்த்துப் பேச முடியாதே!

எதிர்த்துப் பேசுவது இங்கே முக்கியம். தம்பி செய்யாத வேலை அதுதான். "நீங்க எழுதிகிட்டே இருக்கறது எனக்குக் கஷ்டமா இருக்கு சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்ல ஆலோசகர் அதைக் கேட்டால் பேனாவை மூடிவிடுவார். ஜெரமி சஃப்ரான் என்கிற உளவியல் நிபுணர் வருஷக்கணக்கில் இதைத்தான் ஆராய்ந்தார். ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையில் விரிசல் விழுவது சகஜம். அதை வெளிப்படையாகப் பேசி ஒட்டவைத்துவிட்டால் சிகிச்சைக்கு அது நல்லதாகவே முடியலாம் என்றார். சொல்லியும் மாறலைன்னா? ஆளை மாத்துங்க பாஸ்! முடிவெட்டுற கடை சரியில்லைன்னா கடையை மாத்தறோமே தவிர, முடி வெட்டறதையே நிறுத்திடறோமா?

"மாத்தறதுக்கு எங்கண்ணா போறது? பஸ் செலவு யார் கொடுக்கறது?"

இந்தக் கேள்விக்கு எனக்கு ஜிம்பாப்வே ஞாபகம் வந்தது. டாக்டர் டிக்சன் சிபாண்டா அங்கே மனநல மருத்துவர். அவரிடம் சிகிச்சை பெற்ற 26 வயதுப் பெண் ஒருத்தர் 2005-ல் தற்கொலை செய்துகொண்டார். ஏன் ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு கேட்டதுக்கு அவர் அம்மா சொன்ன பதில், பஸ்ஸுக்குக் காசு இல்லை. சுமார் 15 டாலர். சிபாண்டாவால் அதைத் தாங்க முடியவில்லை. மறுவருஷம் ஹராரே நகரத்தில் மரத்தடியில் பெஞ்ச் போட்டார். பெஞ்சில் உட்கார்ந்து கேட்பதற்கு அந்தப் பகுதியில் ஏற்கெனவே சுகாதாரப் பணி செய்துகொண்டிருந்த 14 பாட்டிகள்! முதலில் 'மனநல பெஞ்ச்' என்றுதான் பேர் வைத்தாராம். ஒருத்தரும் வந்து உட்காரவில்லை. பாட்டிகள்தான் பேரை மாற்றச் சொன்னார்கள். 'நட்பு பெஞ்ச்' ஆனது. மனச்சோர்வுக்கு அந்த ஊர் ஷோனா மொழியில் ஒரு வார்த்தை உண்டு: 'குஃபுங்கிசிசா'. அர்த்தம், ரொம்ப யோசிக்கிறது. நம்ம பசங்க "ரொம்ப யோசிக்காத மச்சி"ன்னு சொல்றதுதான், அப்படியே! 2016-ல் வெளியான, 573 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஆறு மாதம் கழித்து வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பாட்டிகளிடம் பேசியவர்களில் அது 14 சதவீதம்தான்.

செஞ்சியில் அப்படி பெஞ்ச் இல்லை. ஆனால் போன் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு கொண்டு வந்த 'டெலி-மானஸ்' 14416. தமிழ்நாட்டில் இதற்கு வைத்த பேர் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை'. பாட்டிகள் சொன்ன அதே நட்பு! காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள். 104-ம் இருக்கிறது. சினேகாவின் எண் 044-24640050. செஞ்சிப் பக்கத்து ஆட்களுக்கு நேரில் பார்க்க முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

இறங்கி வந்து கோட்டை வாசலில் இளநீர் குடித்தோம். "இப்பவே போடுடா"ன்னேன். கூச்சப்பட்டான். "முதல்ல என்ன சொல்றதுண்ணா?"

"எனக்குத் தூக்கம் வரலைன்னு சொல்லு."

நான் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டேன். மதில் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினான். பதினெட்டு நிமிஷம். திரும்பி வந்தவன் முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. சினிமாவில்தான் அப்படி நடக்கும். "ஒரு அக்கா பேசினாங்க. அப்பா இப்ப எப்படி இருக்காருன்னு கேட்டாங்க"ன்னான். அப்புறம், "நானே இன்னும் சொல்லவே இல்ல, சாப்டீங்களான்னு கேட்டாங்க".

அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரு, ஊரு, காலேஜு போடாம எழுதிக்கங்க"ன்னு அனுமதி கொடுத்தான். போன வாரம் முண்டியம்பாக்கம் போயிருக்கிறான். இந்த முறை ஒரு மேடம். அவரும் எழுதினாராம். ஆனால் எழுதும் முன்னால், "நான் கொஞ்சம் குறிச்சிக்கட்டுமா?" என்று கேட்டாராம். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அம்மாவையும் ஒருமுறை கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மட்டும் இன்னும் மனசு வரவில்லையாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காங்க.

"போவியா?"ன்னு போனில் கேட்டேன்.

"கடலை புடுங்கற வேலை முடிஞ்சா போறேண்ணா. அந்த மேடம் பேரு கேக்க மறந்துட்டேன்"ன்னான்.